துரை துப்பிய மாத்திரை

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால், இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். தோன்றட்டும், எனக்கொன்றும் இல்லை. பதினான்கு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் அவரோடு மல்லுக்கட்டியவள் நான். அவரைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. அப்படியானால் புகழ்வதற்கும் எனக்குத்தான் முதல் உரிமை.

அண்ணிக்கு மிருகக்காட்சி சாலையில் வேலை. டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை, கம்பிக்கு அந்தப் பக்கத்து வேலை. கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிற திறந்த வெளிக்குப் பின்னால் நீளமாக ஒரு தாழ்வாரம் இருக்கிறது. அதில் வரிசையாக எட்டு அறைகள். விலங்குகள் இரவில் தூங்குவதும், உடம்பு சரியில்லாவிட்டால் மருந்து சாப்பிடுவதும் அங்கேதான். காலை ஆறரைக்கு அண்ணி போய் ஒவ்வொரு அறையாகத் திறந்து, விலங்கை வெளியே விட்டுவிட்டு, முதலில் தரையைப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் தண்ணீர்க் குழாயைத் தொடுவார். தரையில் அப்படி என்ன பார்ப்பார் என்று கேட்டால், மலத்தைத்தான். எவ்வளவு, என்ன நிறம், இளகலா, கெட்டியா, அதில் என்ன செரிக்காமல் வந்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அட்டையில் எழுதுவார்.

"அதுங்க வாயால சொல்லாது, இதுலதான் சொல்லும்" என்பார். இதை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வார் என்பதுதான் எங்கள் முதல் சண்டைக்குக் காரணம்.

இரண்டாவது சண்டை ஃப்ரிட்ஜைப் பற்றியது. நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். பிறந்த நாள், திருமண நாள், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கான பெரிய சதுர கேக் என்று ஆர்டர் வரும். ஃப்ரிட்ஜில் மேல் இரண்டு தட்டும் என்னுடையவை. ஒருநாள் திறந்தால் கிரீம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள் ஆறு. மூடியில் அண்ணியின் குண்டு எழுத்து: மூட்டை, துரை, நரி ஒன்று, நரி இரண்டு. எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நான் போட்ட சத்தத்தில், லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருந்த என் அண்ணன் பாதி வேலையில் ஓடி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் பண்ணியிருக்கிறார்.

"ஆய்வக வண்டி வர்ற வரைக்கும்தான். அங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரு" என்றார் அண்ணி.

"அண்ணி, இது மனுஷங்க சாப்பிடற இடம்!"

"மூடி டைட்டா இருக்கு பாரு."

டைட்டாவது லூசாவது. அன்றைக்கே ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி வந்து கொடுத்து, இனி அந்த டப்பாக்கள் வாசல்படி தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அண்ணியும் கேட்டுக்கொண்டார். ஆனால் என் சிவப்பு நிறப் பொடி மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. கேக்குக்குப் போடுகிற நிறம்தான். இரண்டு நரிகள் ஒரே அறையில் தூங்குவதால் எது எதனுடையது என்று தெரிய வேண்டுமாம். ஒன்றின் தீனியில் ஒரு சிட்டிகை சிவப்பைக் கலந்துவிட்டால், மறுநாள் காலையில் தரையைப் பார்த்ததும் தெரிந்துவிடுமாம். நான் ரோஜா இதழ் செய்ய வைத்திருந்த சிவப்பு எங்கே போய் எப்படி வெளியே வருகிறது பாருங்கள்.

அங்கே அண்ணிக்கு டிக்கம்மா என்று பெயர். எந்த வேலை முடிந்தாலும் அட்டையில் டிக் போடாமல் நகர மாட்டார். தண்ணீர்த் தொட்டி கழுவினால் டிக், பூட்டை இழுத்துப் பார்த்தால் டிக், மருந்து கொடுத்தால் டிக். வீட்டிலும் அப்படித்தான். கேஸ் மூடினாரா என்பதற்குக் கூடக் காலண்டரில் பென்சிலால் ஒரு டிக் இருக்கும். பதினொரு வருட வேலையில் அவர் அட்டையில் ஒரு தப்பு கண்டுபிடித்தவர் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. "என் அட்டை பொய் சொல்லாது" என்று அவர் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் உப்பு தீர்ந்துபோனது கூட அந்த அட்டைக்காரருக்குத் தெரியாது, சொல்ல வேண்டாமா?

மூடி போட்ட டப்பாக்களுக்கு வருகிறேன். ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். முப்பது வயது கூட இருக்காது, ஆனால் பேச்சில் ஒரு நிதானம். கூண்டில் வளர்கிற காட்டு விலங்குகளின் வயிற்றுக் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி. மாதம் ஒரு தடவை ஒவ்வொரு விலங்கின் மலத்திலும் கொஞ்சம், விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து, குளிரில் வைத்துக் கொடுக்க வேண்டும். எட்டு அறைக்கும் அண்ணிதான் எடுத்துக் கொடுத்தார்.

எதற்கு என்பதை அந்த டாக்டர் ஒருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எனக்கே விளக்கினார். வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கின்றன, பெரும்பாலும் நல்லவை. ஆண்டிபயாடிக் மருந்து உள்ளே போனால் மொத்தமாகச் சாகும். அரைகுறையாகப் போனால், தாக்குப்பிடிக்கிற சில மட்டும் தப்பித்துப் பெருகும். அந்தத் தாக்குப்பிடிக்கிற திறமை கிருமிக்குள் மரபணுவாக எழுதியிருக்கிறது. ஒரு கிருமி அதை அப்படியே பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்தும் விடும். நாம் கேக் செய்முறையை எழுதிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது மாதிரியா என்று நான் கேட்டேன். அதே மாதிரிதான் என்றார். காட்டில் திரிகிற விலங்கின் வயிற்றிலும் அந்த மரபணுக்கள் கொஞ்சம் இருக்குமாம். மனிதன் பக்கத்தில் வாழ்கிற விலங்குக்கு எவ்வளவு கூடியிருக்கிறது, எந்த வழியாக வந்தது என்பதுதான் அவருடைய கேள்வி.

மூட்டை என்பது கரடி. உட்கார்ந்தால் அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். குட்டியாக வந்த நாளிலிருந்து அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தது. என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அதனால் மூட்டையைப் பிள்ளையாக நினைக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பிள்ளையாக நினைத்தால் கொஞ்சுவார். அண்ணி கொஞ்சி நான் பார்த்ததில்லை. கரடியைக் கரடியாக மதித்தார், அவ்வளவுதான்.

மூட்டைக்குப் பக்கத்து அறையில் துரை. நாலு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ மீட்டுக் கொண்டுவந்த ஆண் குரங்கு. வாழைப்பழத்தைக் கூட இரண்டு விரலால் உரித்து, நாரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் சாப்பிடும். அந்த மிடுக்குக்காகத் துரை என்று பெயர். நெஞ்சில் சளி கட்டுகிற உடம்பு. குளிர் காலம் வந்தாலே இருமும், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மாத்திரை எழுதுவார்கள். அண்ணி மாத்திரையைப் பழத்துக்குள் செருகிக் கொடுப்பார். துரை வாய்க்குள் திணித்துக்கொள்ளும். அண்ணி டிக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார். ஆனால் எத்தனை கொடுத்தாலும் இருமல் முழுசாகப் போகவில்லை. கால்நடை டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் மூட்டையின் முன்கால் பாதத்தில் ஒரு கல் குத்திப் புண்ணாயிற்று. சாதாரணப் புண். வழக்கமான மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. இன்னொன்று கொடுத்தார்கள், அதற்கும் அசையவில்லை. பாதம் வீங்கி, மூட்டை மூன்று காலில் நடந்தது. அண்ணி வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன செய்து வைத்தாலும் "இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிடுவார்.

அந்த வாரம்தான் ஆய்வக முடிவும் வந்தது. எட்டு அறைகளில் மூட்டையின் வயிற்றில்தான் மருந்தை எதிர்க்கிற மரபணுக்கள் மிக அதிகம். அதுவும் எதையெல்லாம் துரைக்குக் கொடுத்தார்களோ அந்த மருந்து வகைகளையே எதிர்ப்பவை. மூட்டையின் பதிவேட்டில் அந்தப் புண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு ஆண்டிபயாடிக் கூட இல்லை.

இப்போது யாரைப் பிடிப்பார்கள்? கரடிக்குக் கையால் ஊட்டுகிறவரைத்தான். சளி, காய்ச்சல் என்றால் பாசத்தில் ரகசியமாக மாத்திரை கொடுத்திருப்பார் என்று தாழ்வாரத்தில் ஒரு பேச்சு கிளம்பி, அலுவலகம் வரைக்கும் போய், தாளாக மாறி அண்ணி கைக்கு வந்தது. விசாரணை முடியும் வரை கரடி வரிசைக்குப் போகக் கூடாது, செடி வளர்க்கிற பகுதியில் வேலை பார்க்க வேண்டும். நிரூபணமானால் அந்த மாற்றம் நிரந்தரம்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு மாத்திரை கூட நான் மூட்டைக்குக் கொடுத்ததில்ல. ஒண்ணு கூட."

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என் அட்டை பொய் சொல்லாது."

இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.  நானே போய் அந்த அலுவலகத்தில் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அண்ணன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மிருகக்காட்சி சாலை இயக்குநர் நல்ல மனுஷர், அதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணியைக் கூப்பிட்டு, ஒரு வழி சொல்லியிருக்கிறார். கரடிக்குப் போடுகிற பண்ணை முட்டையிலிருந்து கூட அந்தக் கிருமி வந்திருக்கலாம் என்று ஆய்வகம் சொல்கிறது. "காரணம் உணவாக இருக்கலாம்" என்று எழுதி விசாரணையை முடித்துவிடலாம். திங்கட்கிழமை வந்து ஒரு கையெழுத்து. செவ்வாய்க்கிழமை பழைய இடத்துக்கே போய்விடலாம். அண்ணிக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். சனிக்கிழமைக்கு இருந்த ஆர்டரில் மிச்சமான கிரீமில் சின்னதாக ஒரு கேக் செய்தேன், அண்ணி ஒரு துண்டு சாப்பிட்டார்.

அதே சனிக்கிழமை மத்தியானம் அவருக்குத் தலைவலி. மாத்திரை இருக்கிறதா என்று என் அலமாரியைத் திறந்தார். அங்கே என் தகர டப்பா இருந்தது. எல்லார் வீட்டிலும் இருக்குமே, பாதி தின்ற மாத்திரை அட்டைகள் போட்டு வைக்கிற டப்பா. தொண்டை வலிக்கு எழுதியது, பல் வலிக்கு எழுதியது, அடுத்த முறைக்கு ஆகும் என்று எடுத்து வைத்தது. மேலாகக் கிடந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குத் தொண்டைக்கு எழுதிய ஆண்டிபயாடிக். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்த நாலு மாத்திரை பாக்கி.

அண்ணி அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை நீ முழுங்கலயா?"

"எதை?"

"நான்தானே உன் கையில கொடுத்தேன்? தினமும் காலைல, ராத்திரி. காலண்டர்ல டிக் இருக்கு."

மாட்டிக்கொண்டேன். "கொடுத்தீங்க அண்ணி. கை எல்லாம் மாவு, அப்புறம் போட்டுக்கலாம்னு ஓரமா வச்சேன். வலியும் போயிடுச்சு. சரி, வீணாப் போக வேணாம்னு..."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. கையில் இருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி மாத்திரையைப் பார்த்தார்.

"கொடுத்ததுக்கு டிக் போட்டேன்" என்றார் மெதுவாக. "முழுங்கினதுக்கு இல்ல."

"தப்புதான் அண்ணி, இனிமே..."

"உன்னைச் சொல்லல. துரையைச் சொல்றேன்."

அப்புறம் அடுக்களை மேடையில் சிந்தியிருந்த மாவில் விரலால் கோடு போட்டு எனக்குக் காட்டினார். இது துரையின் அறை, இது மூட்டையின் அறை, நடுவில் சுவர். சுவருக்கு அடியில் கழுவுகிற தண்ணீர் போக ஒரு வாய்க்கால், துரை பக்கம் மேடு, மூட்டை பக்கம் பள்ளம். சுவருக்குக் கீழே அந்த வாய்க்காலில் ஒரு கை நுழைகிற அளவுக்குக் கம்பி வைத்த ஓட்டை. இந்த வகைக் குரங்குக்குக் கன்னத்துக்குள் பை மாதிரி இருக்கும். பழத்தை உள்ளே அடக்கிக்கொண்டு, ஆள் போன பிறகு நிதானமாக வெளியே எடுத்துத் தின்னும். துரைக்கோ வாழை நாரே ஆகாது. கசக்கிற மாத்திரையை விட்டுவைக்குமா? எடுத்து வாய்க்காலில் போட்டிருக்கும். பழச்சாறு ஒட்டின மாத்திரை உருண்டு கீழே வந்தால், மூட்டை மூக்கை நீட்டி நக்கிவிடும்.

"நாலு வருஷமா" என்றார் அண்ணி. "அரைகுறையா, அப்பப்ப. துரைக்குச் சளி போகாததும் அதனாலதான். எல்லாத்துக்கும் நான் டிக் போட்டிருக்கேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்த அடுத்த நொடியே என் புத்தி வேறு பக்கம் ஓடியது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

"அண்ணி, திங்கக்கிழமை கையெழுத்து போட்டுடுங்க. மூட்டைகிட்ட போயிடுவீங்க. அப்புறம் சத்தமில்லாம அந்த ஓட்டையை அடைச்சுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி என்னைக் கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. "டாக்டர் என்ன நினைச்சுக்கிட்டிருக்கார்? துரைக்கு மருந்து வேலை செய்யலன்னு. இன்னும் பெரிய மருந்தா எழுதுவார். அது முழுங்கவே இல்லன்னு யாராவது சொல்ல வேணாமா?" என்றார். மாவுக் கோட்டைக் கையால் அழித்துவிட்டு, "உன்கிட்ட நீல நிறம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. திங்கட்கிழமை அண்ணி கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக இயக்குநர் மேசையில் என் நீல டப்பாவை வைத்தார். அந்தப் பொடி உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்ல நானும் கூடப் போயிருந்தேன். கேக் நிபுணர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தது.

அண்ணி நடந்ததைச் சொல்லி, தான் சந்தேகப்படுவதையும் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது உண்மைன்னா தப்பு உங்க பேர்லதான் வரும், தெரியுதா? இப்ப கையெழுத்து போட்டா ஒண்ணும் இல்ல."

"தெரியும் சார்."

"யோசிச்சுக்கோங்க."

"ரெண்டு நாள் யோசிச்சேன் சார். மூணு நாள் நீலம் கொடுத்துப் பாக்கலாம்."

கால்நடை டாக்டர் வெற்று மாத்திரைக் கூடுகளில் மருந்துக்குப் பதிலாக நீலப் பொடியை அடைத்துக் கொடுத்தார். என்னுடையது அடர்த்தியான நீலம், ஒரு சிட்டிகை போட்டால் ஒரு கிலோ கிரீம் வானமாகிவிடும். பழத்துக்குள் செருகி, வழக்கம் போலத் துரைக்கு. கொடுத்தது வேறு ஆள், அண்ணிக்குத்தான் அங்கே போக அனுமதி இல்லையே. மூன்று நாளும் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.  வீட்டுக் காலண்டரில் எதற்கும் டிக் போடவில்லை, கேஸுக்குக் கூட.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாரையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்கள். நிறத்துக்குச் சாட்சி என்று என்னையும். முதலில் துரையின் அறை. தரையில் கிடந்தது சாதாரணப் பழுப்பு. நீலம் துளி இல்லை. துரை மேலே பலகையில் உட்கார்ந்து, நாங்கள் எல்லாரும் எதற்குக் குனிந்து பார்க்கிறோம் என்று யோசித்தது. அடுத்தது மூட்டையின் அறை. பூட்டைத் திறந்தார்கள்.

தரையில் நடுவாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல், பச்சை கலந்த நீலம். என் நீலம். எத்தனை பிறந்த நாள் கேக்கில் பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது?

 ஆய்வக டாக்டர் குனிந்து வாய்க்காலில் கையை விட்டு, கம்பி ஓட்டையின் விளிம்பில் ஒட்டியிருந்த நீலக் கறையை விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணி கண்ணை மூடித் திறந்தார். அவர் ஜெயித்துவிட்டார், தோற்றும் விட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வது?  என் வாழ்க்கையில் நான் யாருக்காகவும் அப்படிப் பெருமைப்பட்டதில்லை, என் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது கூட.

இயக்குநர் நல்ல மனுஷர் என்று சொன்னேன் இல்லையா? அண்ணியைத் தப்ப விடப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் டிக் போடறாங்க. அட்டையில 'கொடுத்தது'ன்னு ஒரே கட்டம்தான் இருக்கு. தப்பு அட்டை மேலயும்தான்."

"அட்டை தானா டிக் போடல சார்" என்றார் அண்ணி.

பிறகு பழைய அட்டைகளைக் கேட்டு வாங்கினார். நாலு வருடத்தில் துரைக்காகப் போட்ட டிக் இருநூற்றுப் பன்னிரண்டு. டிக்கை அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் "விழுங்கியதைப் பார்க்கவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. பதினொரு வருடமாகத் தப்பே இல்லாத அட்டை என்று சொல்லிக்கொண்டவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து நான் தாள் திருப்பிக் கொடுத்தேன். கை வலிக்கும், விடுங்கள் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

அண்ணிக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். கவனக்குறைவு என்று ஒரு வரி. தானே முன்வந்து வெளிப்படுத்தியதால் இட மாற்றம் ரத்து என்று அடுத்த வரி. அதை அவர் பீரோவில் மடித்து வைக்கப் போனார். நான் பிடுங்கி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன். என் மேல் தட்டு இரண்டுக்கும் நேராக. கேக் வாங்க வருகிறவர்கள் படித்துவிட்டுக் கேட்டால், முழுக் கதையும் சொல்லிவிட்டுத்தான் கேக்கைக் கொடுப்பேன். கிரீம் உருகினால் உருகட்டும்.

மூட்டையின் புண்ணிலிருந்த கிருமியை ஆய்வக டாக்டர் சோதித்துப் பார்த்தார். கொடுக்கக்கூடிய மருந்துகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் அது இன்னும் சாகிறது. பத்து நாள், இருபது வேளை, ஒன்று கூடத் தப்பக் கூடாது. செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் அடுத்த திங்கட்கிழமை அண்ணி தன் தாழ்வாரத்துக்குப் போனார். மூட்டை அவரைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மூட்டை கம்பியோரம் மூன்று காலில் நின்று ஒரு சத்தம் போட்டதாம். "பசிச்சிருக்கும்" என்றுதான் அண்ணி எங்களிடம் சொன்னார். முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

இருபது வேளையும் ரொட்டிக்குள் மருந்தை வைத்துக் கொடுத்து, மூட்டை மென்று விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைக் காட்டும் வரை அங்கேயே நின்றார். கரடிக்கு வாயைத் திறக்கப் பழக்கினார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேன் கொடுத்து. நாலாம் நாளே வீக்கம் வற்றிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் இனிமேல் கேட்க மாட்டார். பதினைந்தாம் நாள் மூட்டை நாலு காலில் நடந்தது.

துரைக்கு இப்போது மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். கன்னத்தில் அடக்க முடியாது. முறைக்குமாம், ஆனால் இருமல் போய்விட்டது. சுவரடி ஓட்டையை அடைத்து, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். மருந்து அட்டையில் இரண்டு கட்டம்: கொடுத்தது, விழுங்கியது. வேறு மிருகக்காட்சி சாலைகளிலிருந்து கூட அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஒரு வருடம் கழித்து மூட்டையின் வயிற்றை மறுபடி சோதித்தார்கள். மரபணுக்கள் குறைந்திருக்கின்றன, முழுசாகப் போகவில்லை. போக நாளாகும், போகாமலும் இருக்கலாம் என்றார் ஆய்வக டாக்டர். அவருடைய கட்டுரையும் வெளிவந்தது. அதில் ஒரு வரி: "இதைப் பராமரிப்பாளர் ஒருவர் கவனித்துத் தெரிவித்தார்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருவராம், ஒருவர்! பேர் போட்டா மை தீர்ந்துடுமா?"

"மூட்டை பேரும்தான் போடல" என்றார் அண்ணி. அவர் தன் பங்குக்கு அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைத்திருந்தார்.

போன மாதம் எனக்கு மறுபடியும் தொண்டை. ஐந்து நாள் மாத்திரை. தகர டப்பாவை அண்ணி எப்போதோ காலி செய்து மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டார். நாலாம் நாள் எனக்கு வலி சுத்தமாக இல்லை. ஒரு பெரிய ஆர்டர், கை முழுக்க நீல கிரீம், கேக்கை எடுத்துப் போக வந்தவர் கூடத்தில் காத்திருந்தார். அண்ணி ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் டம்ளருமாக வந்து நின்றார்.

"வலியே இல்ல அண்ணி."

"மூட்டைக்கும் நாலாம் நாள் வலி இல்ல."

வாயைத் திறந்தேன், போட்டார். தண்ணீர் குடித்தேன்.

"ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்."

காத்திருந்தவர் எட்டிப் பார்த்து, "இவங்க நர்ஸா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணிங்க. கரடியைப் பாத்துக்கிறவங்க" என்றேன், வாயை மூடாமலே.

அண்ணி இரண்டு கன்னத்தையும் பார்த்து முடித்தார். அப்புறம்தான் காலண்டர் பக்கம் போய், அவர் பென்சிலால் வரைந்து வைத்திருந்த இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார்.